மரணசதி

ஐப்பசி, வெள்ளி இரவு.

இந்த வயதில் எழுத்துக் கற்று, இன்று புத்தர் சொன்னதை நானே வாசித்தேன். எத்தனை சந்தோஷம்! ஒரு வரியில் ‘மரணசதி’ என்று வந்தது.

முந்திரி உடைத்துக்கொண்டிருந்த என் மனைவி அஞ்சலை நிமிர்ந்தாள். “யாரு சதி பண்றாங்களாம்? யாரைக் கொல்லப் போறாங்க?”

எனக்கும் அப்படித்தான் பட்டது. புத்தகம் கொடுத்த ஆண்டிமடம் வாத்தியாருக்குப் போன் போட்டேன். அவர் சிரித்தார்.

“பாலி மொழியில சதின்னா நினைப்புங்க ஐயா. இந்த மூச்சே கடைசியா இருக்கலாம்னு நினைச்சிக்கிட்டே இருக்கறது.”

அஞ்சலையிடம் சொன்னேன். அவள் சிரிக்கவில்லை. நெஞ்சைத் தடவிக்கொண்டு, “அதைத்தான் ஒரு வாரமா படிக்காமயே நினைக்கிறேன்” என்றாள்.

விடிந்ததும் பெரம்பலூர் ஆஸ்பத்திரிக்குப் போகவேண்டும். இப்போது தூங்குகிறாள். என் மூச்சைக் கவனிக்க உட்கார்ந்தால் காது அவள் மூச்சுக்கே போகிறது. ஒன்று வந்தது. அடுத்தது வரட்டும் என்று பேனாவை நிறுத்தியிருக்கிறேன்.