தெற்கு வடக்காகக் கிடந்த பச்சைப் பட்டைகள்

அண்ணா,

வாரக்கணக்கில் மழை இல்லை. புக்கிட் காத்திலில் என் வீட்டுக்கு எதிரே உள்ள திடலில் புல் சுத்தமாகக் காய்ந்துவிட்டது. இன்று காலை குப்பை போட வெளியே வந்தால், அந்த மஞ்சளுக்கு நடுவே நேராக ஒரு பச்சைக் கோடு. அடியில் ஏதோ மூடிப்போன கால்வாய். பையோடு அப்படியே நின்றுவிட்டேன். பக்கத்து வீட்டு அக்கா, "என்னாமா பாக்குற?" என்றார். உங்களை நினைத்துக்கொண்டேன் என்று சொல்லவா முடியும்?

இந்தக் கிறுக்கு நாம் சேர்ந்து பழகியது. அலோர் காஜா சர்வே ஆபிசில் நாம் ஒன்றாக வேலை செய்தபோது, நான் டிரோன் பறக்கவிட்டு மேலிருந்து படம் எடுப்பேன். நீங்கள் படத்தைப் பெரிதாக்கிக்கொண்டு உட்கார்ந்திருப்பீர்கள். மண்ணுக்கடியில் கல் இருந்தால் மேலே இருக்கும் பயிர் சீக்கிரம் வாடும். என்றோ தோண்டி மூடிய இடமென்றால் ஈரம் தங்கிப் பச்சையாக நிற்கும். அவ்வளவுதான் நம் வித்தை. மற்றதெல்லாம் ஊகம், அதில் பாதி சண்டை.

பிறகு நீங்கள் பிறந்த தோட்டமே அளக்க வந்தது. எண்ணெய்க்காக நட்ட செம்பனையை வெட்டிவிட்டு மாட்டுக்குத் தீவனப்புல் போட்டிருந்த நிலம். தொழிற்சாலை கட்ட வாங்கியவர்கள், பழைய இடுகாடு உள்ளே இருந்தால் அந்த இடத்துக்கு வேலி போட்டு விட்டுவிடுகிறோம் என்றார்கள். உங்கள் அம்மாவை அங்கேதான் எங்கோ புதைத்தார்கள். அப்போது நீங்கள் கைக்குழந்தை. இடம் காட்ட இப்போது ஒருவரும் மிச்சமில்லை.

படத்தின் ஓரத்தில் ஆள் நீளத்துக்குப் பச்சைப் பட்டைகள், வரிசையாக, எல்லாம் தெற்கு வடக்காக. தலையைத் தெற்கே வைத்துப் புதைக்கிறவர்கள் நாம், வேறென்ன தோன்றும்?

"இதுதான்லா," என்றீர்கள். படத்தை இன்னும் பெரிதாக்கிப் பார்த்துவிட்டு, "சும்மா குழியாவும் இருக்கலாம். தோண்டுனாதான் தெரியும். எங்கம்மா மேல மண்வெட்டி போடச் சொல்றியா?"

"கல்லறைன்னு எழுதிட்டுப் போங்கண்ணா. யாரு கேக்கப் போறா?"

"எழுதலாம்லா. படம் சொல்லலையே."

கல்லறையாக இருக்கலாம், உறுதியாகச் சொல்ல முடியவில்லை என்று எழுதினீர்கள். எனக்குக் கோபம்தான் வந்தது. ஆனால் அந்த ஒரு வரியால் நீங்கள் இருந்தவரை யாரும் அங்கே கை வைக்கவில்லை.

நீங்கள் கண்ணை மூடிய பிறகு தோண்டினார்கள். பக்கத்தில் நின்றேன். தேங்காய்ச் சிரட்டை, உடைந்த பீங்கான், போத்தல். எல்லாப் பட்டையிலும் அதேதான். தோட்டத் தொழிலாளர்கள் வரிசையாகக் குடியிருந்த லயத்து வீடுகளின் குப்பைக் குழிகள். லயம் தெற்கு வடக்காக நின்றது, அதன் பின்னால் குழிகளும் அப்படியே. வேறு யாராக இருந்தாலும் முதலில் வீடு எங்கே என்று தேடியிருப்பார்கள். நாம் தலை எந்தப் பக்கம் என்று பார்த்தோம்.

ஒரு நிமிடம் அப்பாடா என்றிருந்தது. அம்மா மேல் மண்வெட்டி படவில்லை. அடுத்த நிமிடமே, அப்படியானால் அம்மா எங்கே? கேட்க நீங்கள் இல்லை. வேலி போட இடமும் இல்லை. மண்வாரி இயந்திரங்கள் மிச்ச நிலத்துக்குள் இறங்கின.

இப்போது அங்கே முழுக்கச் சிமெண்டுத் தரை. எந்த வறட்சியும் இனி அங்கே எதையும் காட்டாது. எனக்கும் அலுத்துவிட்டது அண்ணா, வேறு வேலை பார்க்கலாமா என்றுகூட நினைக்கிறேன். ஆனால் பஸ்ஸில் போகும்போது எங்காவது காய்ந்த புல்லில் ஒரு துண்டுப் பச்சை தெரிந்தால், அது தெற்கு வடக்காகக் கிடக்கிறதா என்று கழுத்தைத் திருப்பிப் பார்க்கிறேன்.