காளியாயியின் கால்விரல்

2001 மார்ச் 14
இன்றைக்கும் மழை. பெக்டரியில் ஆறு இன்வாய்ஸ் தேயிலைக்கு, தொகுதிக்கு ஒண்ணாகச் சாம்பிள் டின் அடைத்துச் சீட்டு ஒட்டினேன். வித்த பிறகு எவனாவது குறை சொன்னால் திறந்து பார்க்கணுமே. மத்தியானம் ஆஸ்பத்திரிக்குப் போனேன். என் சம்சாரம் காளியாயிக்கு இடது கால் கட்டைவிரலை எடுத்துவிட்டார்கள். நகத்துக்கடியில் கறுப்பு; அட்டைக்கடி என்று ரெண்டு வருசம் சுண்ணாம்பு தடவினோம். டொக்டர் விரலைப் பாட்டிலில் போட்டுக் கையில் தந்தார். "கண்டி லெபுல குடுத்துருங்க, சோதிக்கணும்."

மார்ச் 15
கண்டிக்குப் போகவில்லை. "என்னாங்க, நாளைக்குச் செத்தா நான் கொறையாவா போறது? வெரல நம்ம மண்ணுலயே பொதைச்சிருங்க" என்று அழுதாள். முழுசா எடுத்தாச்சு என்று டொக்டரே சொன்னாரே, இனி என்ன சோதனை? மருந்துத் தண்ணியைக் கொட்டிவிட்டு, விரலை மஞ்சத்துணியில் சுத்தி, தோட்டத்து மயானத்தில் சவுக்கு மரத்தடியில் புதைத்தேன்.

ஏப்ரல் 2
தையல் பிரித்தார்கள். "லெபுல குடுத்தீங்களா?" என்றாள் நர்ஸ். குடுத்துட்டேன் என்றேன். வாய் கூசவில்லை.

2003 ஆகஸ்ட் 9
காளியாயிக்குத் தொடை இடுக்கில் கட்டி. நெஞ்சிலும் இருக்காம். புற்றுநோய். அன்னைக்கு விரலில் இருந்த கறுப்புதான் பரவியிருக்காம். கண்டியில் பார்த்த டொக்டர் சிவதர்சினி, யாழ்ப்பாணத்துப் பொண்ணு. வெளிநாட்டில் ஒரு தடுப்பூசியைச் சோதிக்கிறார்களாம், பேர் குடுக்கலாமாம். "கான்சர் செல்லில ஒரு அடையாளம் இருக்கும், ஐயா. ஊசி அதை உடம்புக்குக் காட்டிக்குடுக்கும், உடம்பே தேடி அடிக்கும். அடையாளம் இல்லாட்டி ஊசியால பிரயோசனமில்லை. முதல் எடுத்த விரல் எந்த லெபில இருக்கு?"
லெபுல தந்த சீட்டைத் தேடிப் பார்க்கிறேன் என்று சொல்லிவிட்டு வந்தேன். அடப்பாவி, இன்னமும் பொய்யா?

ஆகஸ்ட் 10
தோண்டிப் பார்த்தேன். ரெண்டு துண்டு எலும்பு. மறுபடி மூடிட்டு வந்தேன்.

ஆகஸ்ட் 16
டொக்டர்கிட்ட எல்லாத்தையும் சொல்லிட்டேன். திட்டல. திட்டியிருக்கலாம். "சரி, இந்தக் கட்டியில இருந்து எடுத்து அனுப்புவம்" என்றாங்க.

செப்டம்பர் 27
கட்டியில அந்த அடையாளம் இல்லையாம், டொக்டர் சொன்னாங்க.
"முதல் கட்டியில இருந்திருக்கலாம். பரவேக்க சில செல்லுகள் அதை விட்டிடும். ரெண்டில ஒண்டில இருந்தாலே ஊசிக்குச் சேர்த்திருப்பினம். விரலில இருந்ததோ எண்டு இனி ஒருத்தராலயும் சொல்லேலாது."
ஐயோ, ஊரான் குடிக்கிற தேயிலைக்கெல்லாம் சாம்பிள் வச்சேனே! இவளுக்கு வைக்கலயே!
அவ சொல்லித்தானே பொதைச்சேன்னு ஒரு நிமிசம் தோணிச்சு. சீ! பாட்டில் என் கையிலதானே இருந்திச்சு. பொய் சொன்னதும் நான்தானே.
அவகிட்ட, "அந்த ஊசி ஒனக்கு ஒத்துக்காதாம்"னு மட்டும் சொன்னேன். "போகட்டும் விடுங்க, சாப்பிட்டீங்களா?"ன்னு கேட்டா.

2004 பெப்ரவரி 3
குழி வெட்டுற ஆண்டியப்பன் வாசலில் வந்து நின்னான். "அண்ணே, அக்காவுக்கு எந்த எடம்?"
கூட்டிட்டுப் போய் சவுக்கு மரத்தடியைக் காட்டினேன். "இங்கதான். கால் இந்தப் பக்கம் வரணும்."