மலை தெரிகிற இடத்தில் அடுப்பு

செவ்வாய்

புரட்டாசிப் புழுக்கம். மின்விசிறிக் காற்றும் சூடு.

இன்று சொல்லாமல் விட்டது: "இந்த மாசம் சந்து வாயில அடுப்பு வைக்க வேணாம்."

பங்கஜம் அத்தை வீட்டு வாசலில் வெள்ளிக்கிழமைப் பௌர்ணமிக்கான பேச்சு. (அத்தை எங்களில் யாருக்கும் உறவில்லை. சந்து முழுக்க அப்படித்தான் கூப்பிடுகிறது.) கிரிவலம் போகிறவர்களுக்கு வழக்கம்போல் புளிசாதம். வழக்கம்போல் சந்து வாயில் கேஸ் அடுப்பு, அண்டா, இரண்டு பெஞ்சு, மேலே தார்ப்பாய். எங்கள் சந்துக்கு வழி ஒன்றுதான். மறுகோடி காதர் பாயின் வாடகைப் பாத்திரக் கிடங்கோடு முடிந்துவிடும். வாயை அடைத்தால் உள்ளே இருப்பவர்கள் உள்ளேதான். போன மாதம் தண்ணி கேன் போடுகிறவர் கேனைத் தலைக்கு மேல் தூக்கிக்கொண்டு அடுப்பைச் சுற்றி வந்தார். எல்லோரும் சிரித்தோம்.

பாயின் மகள் நஸ்ரின் பிரசவத்துக்குத் தாய்வீடு வந்திருக்கிறாள். நிறைமாதம். பௌர்ணமியன்று வலி எடுத்தால், கொதிக்கிற அண்டாவைத் தாண்டி எப்படிப் போவாள்?

நாக்கு நுனிவரை வந்தது. அத்தை அரிசி யார் யார் தருவது என்று பிரித்துக்கொண்டிருந்தார். எல்லோரும் தலையாட்டினார்கள். நானும் ஆட்டினேன். வெட்கம்.

வாங்க: வேர்க்கடலை, பெருங்காயம், அம்மாவுக்குக் கண் சொட்டு மருந்து.

புதன்

மேகம். மழை இல்லை.

நஸ்ரின் மாடியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தாள். சொன்னேன். பள்ளிக்கூடத்திலிருந்தே எதற்கெடுத்தாலும் சிரிப்பு அவளுக்கு.

"அடுப்பு மேலயே தாண்டிப் போறேன்டி. பெத்துட்டு வரப்ப ஒரு தட்டு வாங்கிக்கறேன்."

"விளையாடாத."

கிளிப் போட்டபடியே, வேறு குரலில்: "எனக்கும் பயமாத்தான் இருக்கு. அத்தாகிட்ட சொல்லிடாத. அண்டா தர மாட்டேன்னு சண்டைக்குப் போயிடுவாரு. அப்புறம் அத்தை மூஞ்சில எப்படி முழிக்கறது?" (அத்தா என்பது அவள் அப்பா, காதர் பாய்.)

அடுப்பு அங்கே இருப்பதற்குக் காரணம் உண்டு. மலையைப் பார்த்தபடிதான் சமைக்க வேண்டும். முதல் இலை மலைக்கு. அதுவரை ஒரு பருக்கை வாயில் படக்கூடாது. எச்சில் தெறிக்கும் என்று வாயில் துணி கட்டிக்கொண்டு, பேசாமல் சமைப்பார்கள். சந்துக்குள் எங்கே நின்றாலும் அடுத்த வீட்டுச் சுவர்தான். சந்து வாய்க்கு வந்தால் மட்டும் மலை.

அப்படித்தான் எல்லோரும் நினைத்திருந்தோம். ஆபீஸுக்குக் கிளம்பும் முன் சந்தில் மேலும் கீழும் அண்ணாந்தபடி நடந்து பார்த்தேன். பார்த்தவர்கள் கழுத்துச் சுளுக்கு என்று நினைத்திருப்பார்கள். கிடங்கு வாசலில், இரண்டு தண்ணீர்த் தொட்டிகளுக்கு நடுவில், உச்சி! கொஞ்சூண்டு. ஆனாலும் மலைதான்.

வேங்கிக்கால் பஸ் போய்விட்டது. ஆபீஸில் வயிற்றுவலி என்று சொன்னேன்.

வியாழன்

வெயில். சொல்லிவிட்டேன்.

"அங்க எங்கடி மலை தெரியுது?"

"வந்து பாருங்க அத்தை."

வந்தார். இடுப்பில் கை வைத்து அண்ணாந்து பார்த்தார். "உச்சி மட்டும்தான் தெரியுது."

சத்தம் கேட்டுக் கிடங்கிலிருந்து பாய் எட்டிப் பார்த்தார். "தீபம் ஏத்தறது உச்சிலதானேம்மா?"

"நீங்க சும்மா இருங்க பாய்." ஆனால் சிரித்துவிட்டார். என் பக்கம் திரும்பி, "இத்தனை வருஷமா இருக்கற எடத்தை இப்ப எதுக்கு மாத்தணும்?"

"நஸ்ரினுக்கு வலி எடுத்தா வண்டி உள்ள வரணும் அத்தை."

பாய் முகம் மாறிவிட்டது. அத்தை கிடங்கை ஒட்டிய பாய் வீட்டு வாசற்படியைத் திரும்பிப் பார்த்தார். பிறகு: "இதை அன்னைக்கே சொல்றதுக்கு என்ன? வாயில கொழுக்கட்டையா?"

போகிறபோது ஒரு எச்சரிக்கை: "சோத்துல எதனா கோளாறு ஆச்சு, அடுத்த மாசம் பழைய எடம்தான். சொல்லிட்டேன்."

ராத்திரி நன்றாகத் தூங்கினேன்.

வெள்ளி. பௌர்ணமி

காலையிலேயே ஊர் நிரம்பிவிட்டது. நான் லீவு.

புது இடம் விசாலம். அதுவே வினை. சந்து வாயில் அண்டா பக்கத்தில் ஒருவர்தான் நிற்க முடியும். அந்த ஒருவர் அத்தை. இன்று எல்லாப் பெண்களும் சுற்றி நின்றார்கள், எல்லோர் வாயிலும் துணி, எல்லோர் கையிலும் கரண்டி. பங்கஜம் அத்தை புளிக்காய்ச்சலில் உப்பைப் போட்டுவிட்டு, தட்டு அடுக்க வெளியே போனார். அம்மா வந்தார். எதிர்வீட்டு மல்லிகா அக்காவைப் பார்த்துப் புருவம் தூக்கினார். அக்கா தோளைக் குலுக்கினார். அம்மாவும் போட்டார். தாராளமாக.

சாதம் கிளறி முடித்தாயிற்று. மலைக்கு இலை எடுக்கப் போகும் நேரம். வீட்டு வாசற்படியிலிருந்து நஸ்ரின்:

"அத்தை, வாசனை தாங்கல. ஒரு வாய் குடுங்க."

எல்லாக் கரண்டியும் நின்றது. மலைக்கு இன்னும் வைக்கவில்லை. ஆனால் வாயும் வயிறுமாக இருக்கிறவள் கேட்டு இல்லை என்று சொல்வது எப்படி? அத்தை உச்சியைப் பார்த்தார். வயிற்றைப் பார்த்தார். துணியை அவிழ்த்தார்.

"புள்ளத்தாச்சி கேட்டா அண்ணாமலையாரே மொண்டு குடுப்பாரு. இந்தா."

நஸ்ரின் ஒரு வாய் மென்றாள். நிறுத்தினாள். "ருசியா இருக்கு அத்தை. கடல்லயா வேக வெச்சீங்க?"

அத்தை அம்மாவைப் பார்த்தார். அம்மா என்னைப் பார்த்தார், நான் என்னவோ செய்ததுபோல்.

"எடத்தை மாத்தினா இப்படித்தான்!" என்று அத்தை ஆரம்பித்தார். அதற்குள் பாய் இன்னொரு அண்டாவை உருட்டிக்கொண்டு வந்துவிட்டார். ஆளுக்குக் கொஞ்சம் அரிசி வீட்டிலிருந்து வந்தது. உப்பில்லாமல் வடித்து, முதலில் கிளறியதோடு சேர்த்து, கடலை இன்னும் கொஞ்சம் வறுத்துக் கொட்டிக் கிளறினார்கள். பிறகுதான் மலைக்கு இலை. இவ்வளவு சாதம் இந்தச் சந்து இதுவரை சமைத்ததில்லை.

"நான் கேக்கலன்னா உங்க கதி என்ன?" என்றாள் நஸ்ரின்.

"உள்ள போய்ப் படுடி," என்றார் அத்தை, கன்னத்தைக் கிள்ளி.

சாயந்திரம். கூடை கூடையாகக் கைமாற்றிச் சந்து வாய்க்குக் கொண்டுபோய்ப் பரிமாறினோம். வரிசை தெருவரை. அப்போது பாயின் குரல். வலி.

சேகர் அண்ணனின் ஆட்டோ பின்பக்கமாகவே உள்ளே வந்தது, வாசற்படிவரை. வெளியே போகும்போது அத்தை கரண்டியைத் தூக்கிப் பிடித்து, "வழி விடுங்க சாமி! புள்ளத்தாச்சி!" கூட்டம் இரண்டாகப் பிரிந்தது. யாரோ "அரோகரா" என்றார்கள், எல்லோரும் சேர்ந்துகொண்டார்கள். ஆட்டோ போனபின்னும் பரிமாறிக்கொண்டே இருந்தேன்.

அண்டா காலியாகும் முன்பே நஸ்ரின் திரும்பி வந்துவிட்டாள்! பாதி வழி கூட்டத்தில் நடந்து, அவள் அம்மா தோளைப் பிடித்துக்கொண்டு.

"சூட்டு வலியாம். சீரகத் தண்ணி குடிக்கச் சொன்னாங்க."

"இதுக்காடி என் வரிசையைக் கலைச்ச?"

இரண்டு தட்டு சாப்பிட்டாள்.

சனி

உடம்பெல்லாம் வலி. முடியில் பெருங்காய வாசனை. படிக்கிற புத்தகம் திங்கள்கிழமை விட்ட பக்கத்திலேயே.

அண்டா கழுவினோம். அடுத்த மாதம் அடுப்பு எங்கே என்று அத்தையிடம் கேட்கவில்லை. அவரும் சொல்லவில்லை. உப்பு விஷயத்தில் அம்மாவிடம் அவருக்கு இன்னும் பேச்சில்லை. ஆனால் ரசம் கொடுத்தனுப்பினார்.

ஞாயிறு

காலையிலிருந்து மழை. அத்தை அடுத்த மாதத்துக்கும் சேர்த்து அடுப்பைப் பாயின் கிடங்கிலேயே வைக்கச் சொல்லிவிட்டார். மதியம் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது நஸ்ரினுக்கு நிஜ வலி. சேகர் அண்ணன் வந்து அழைத்துப்போனார். இருட்டுவதற்குள் பெண் குழந்தை. இருவரும் நலம்.