இரண்டு அங்குலம் குறைந்த தெரு

அன்பு மகளுக்கு அம்மா எழுதுகிறேன். இங்கே அப்பா, நான், நாலு தையல் மெஷின் எல்லாரும் நல்லபடியாக இருக்கிறோம். நீயும் மாப்பிள்ளையும் வேளைக்குச் சாப்பிட்டு, தூங்கி எழுந்து, நன்றாக இருக்கிறீர்கள் என்ற நம்பிக்கையில்தான் பேனாவை எடுத்தேன். போனில் சொன்னால் போதாதா என்பாய். போனில் நான் பாதி சொல்வதற்குள் சரிம்மா சரிம்மா என்று முடித்துவிடுகிறாய். கடிதத்தில் உன்னால் குறுக்கே பேச முடியாது, அதனால்தான்.

போன மாதம் நீ என்ன சொன்னாய்? இந்த வயசுல உனக்கு எதுக்கும்மா இந்த அலைச்சல், கடையை மூடிட்டு ரெண்டு பேரும் எங்ககூட வந்து இருங்க என்றாய். அன்பாகத்தான் சொன்னாய், ஆனாலும் எனக்குச் சுருக்கென்றது. வீட்டு முன்னறையில் வியாபாரம் நடக்கிறது, வீட்டைக் கடையாகப் பயன்படுத்த அனுமதி வாங்காவிட்டால் முப்பது நாளில் பூட்டி சீல் வைப்போம் என்று நகராட்சியிலிருந்து வந்து நோட்டீஸ் ஒட்டிவிட்டுப் போனார்கள் அல்லவா, அந்த வாரம் அது. இருபத்திரண்டு வருஷமாக அந்த அறையில் தைக்கிறேன். நோட்டீஸ் அனுப்பிய ஆபீசின் வாட்ச்மேன் போட்டிருக்கிற சீருடையே நான் தைத்ததுதான். என்னை விடு, என்னிடம் வேலை செய்யும் மூன்று பெண்களும் இந்த அறையை நம்பித்தான் வீட்டில் அடுப்பு மூட்டுகிறார்கள். பட்டன் ஓட்டைக்குக் காஜா எடுக்கிறவள் தினமும் சாயங்காலம் செருப்பை மாட்டிக்கொண்டே அக்கா நாளைக்கு வரலாமா என்று கேட்பாள். அவளிடம் என் மகள் கூப்பிடுகிறாள், நான் கிளம்புகிறேன் என்று சொல்லச் சொல்கிறாயா? எனக்கு வாய் வராது.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். பிளான் வரைகிறவரைக் கூப்பிட்டு விண்ணப்பத்துக்கு எல்லாம் தயார் செய்தேன். கடைக்கு அனுமதி கிடைக்க வாசலில் தெரு குறைந்தது இருபது அடி அகலம் இருக்க வேண்டுமாம். அளக்க ஆள் அனுப்புகிறேன் என்றார் அவர். எனக்கு வாய்க்கொழுப்பு. ஊர் இடுப்பை எல்லாம் அளக்கிறவள், ஒரு தெருவை அளக்க மாட்டேனா என்று கேட்டுவிட்டு, கழுத்தில் கிடந்த டேப்பை உருவி, ஒரு முனையை அப்பா கையில் கொடுத்து, தெருவில் குனிந்து குனிந்து அளந்தேன். போகிறவர் வருகிறவர் எல்லாம் வேடிக்கை பார்த்தார்கள். பத்தொன்பது அடி பத்து அங்குலம். என் கையாலேயே எழுதிக் கையெழுத்தும் போட்டேன். இரண்டு அங்குலத்துக்கு யார் வந்து சண்டை போடப் போகிறார்கள் என்று நினைத்தேன். போட்டார்களே! இரண்டு அங்குலம் குறைவு, அனுமதி இல்லை, ஆட்சேபம் இருந்தால் பதினைந்து நாளில் தெரிவிக்கவும் என்று பதில் வந்தது. அப்பா வழக்கம்போல விடு, நமக்கு விதிச்சது அவ்வளவுதான் என்று செய்தித்தாளுக்குள் தலையை விட்டுக்கொண்டார்.

அன்று நீ போன் செய்தாய். நான் அழுததைக் காட்டிக்கொள்ளவில்லை. நீ ஏதேதோ பேசிவிட்டு, கடைசியில், நீ தைச்சு அனுப்பின சட்டை இந்த முறையும் தொளதொளன்னு இருக்கும்மா, அளவைச் சரியாத்தானே எழுதி அனுப்பினேன் என்றாய். நானும் வழக்கம்போல, நீ ஒழுங்காகச் சாப்பிடாமல் இளைத்துப் போய்விட்டு என் தையலைக் குறை சொல்லாதே என்று கத்தினேன். இல்லம்மா, எடை ஒரு கிலோ கூடியிருக்கேன் என்றாய். போனை வைத்துவிட்டு, கழுத்தில் கிடந்த டேப்பை எடுத்துப் பார்த்தேன். இங்கே எல்லாருக்கும் அளப்பதும் இந்த டேப்தான், வெட்டுவதும் இந்த டேப்தான், அதனால் யாருக்கும் வித்தியாசம் தெரியவில்லை. உனக்கு மட்டும்தான் அங்கே வேறு டேப்பில் அளந்து எழுதி அனுப்புகிறாய். தெருமுனைக் கடைக்கு ஓடிப் போய்ப் புது டேப் வாங்கி வந்து இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தேன். என் டேப் அறுபது என்று காட்டுகிற இடத்தில் புதியது அறுபதே முக்கால் காட்டுகிறது. இத்தனை வருஷம் இழுத்து இழுத்து நீண்டு போயிருக்கிறது. நீண்ட டேப்பில் அளந்தால் தெரு குறைந்துதானே போகும்!

மறுநாள் காலையில் ஆபீசில் நின்றேன். அதிகாரி ஏறெடுத்தும் பார்க்காமல், நீங்களே அளந்து நீங்களே கையெழுத்துப் போட்டதும்மா, நான் என்ன பண்றது என்றார். நான் போட்டது தப்பு, தப்பைத் திருத்த வந்திருக்கேன், உங்க ஆளை அனுப்பி அளங்க என்றேன். அப்புறம் பார்க்கலாம் என்றார். அந்த அப்புறத்துக்காக மூன்று நாள் அவர் அறை வாசல் பெஞ்சில் உட்கார்ந்தேன். சும்மா உட்காரவில்லை, பட்டன் தைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். மூன்றாம் நாள் உன் அப்பா பிளாஸ்கில் டீயோடு வந்து பக்கத்தில் உட்கார்ந்துகொண்டார். டீயை ஊற்றி என் கையில் கொடுத்தார். கல்யாணமான நாளிலிருந்து அந்த மனுஷன் செய்ததில் எனக்குப் பிடித்தது அதுதான். சாயங்காலம் நேராக உள்ளே போய், அதிகாரி மேஜையில் கிடந்த அவருடைய இரும்பு டேப்பை இழுத்துப் பிடித்து, என் டேப்பை அதன் பக்கத்தில் நீட்டினேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிப் பார்த்தார். சிரிப்பை அடக்குவது தெரிந்தது. மறுநாளே அளக்கிற ஆள் வந்தார். ஒரு இடத்தில் அளந்துவிட்டுக் கிளம்பப் பார்த்தார், நான் விடவில்லை, மூன்று இடத்தில் அளக்க வைத்தேன். மூன்றிலும் இருபது அடி ஒரு அங்குலம். நேற்று அனுமதி கைக்கு வந்துவிட்டது. காஜா எடுக்கிறவள் இன்று சாயங்காலம், நாளைக்கு வரலாமா என்று கேட்கவில்லை, வரேன்க்கா என்று சொல்லிவிட்டுப் போனாள்.

ஆகவே கண்ணு, நாங்கள் வருவோம். பத்து நாள் இருந்துவிட்டுத் திரும்பி வருகிற டிக்கெட்டோடு வருவோம். கடையை மூடச் சொல்லும் பேச்சு இனி உன் வாயிலிருந்து வரக்கூடாது. இளைத்துப் போனாய் என்று இத்தனை நாள் உன்னைத் திட்டியதற்கு மன்னித்துவிடு, தப்பு என் கழுத்தில்தான் தொங்கிக்கொண்டிருந்தது. நீயும் மாப்பிள்ளையும் ஒரு குறையும் இல்லாமல் நீண்ட நாள் நன்றாக இருக்க வேண்டும். மறக்காமல் உன் அளவை மறுபடி எழுதி அனுப்பு, புது டேப்பில் வெட்டுகிறேன்.

இப்படிக்கு,
முறைப்படி அனுமதி பெற்ற தையல் கடையின் முதலாளி,
உன் அம்மா