நான்காவது மேனேஜர்

ஆலங்குடி
20-1-1958

அன்புள்ள தம்பி ரெங்கராஜுக்கு,

நீயும் அமிர்தவல்லியும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். பொங்கலுக்கு வருவதாக எழுதினாய். வரவில்லை. வராததற்குக் காரணமும் எழுதவில்லை. உனக்கென்று எடுத்து வைத்திருந்த வேட்டியை டிரைவர் நாகராசுக்குக் கொடுத்துவிட்டேன்.

காரியத்துக்கு வருகிறேன். மேனேஜர் குழந்தைசாமி போய்விட்டார். ஐந்து வருஷத்தில் இவர் மூன்றாவது. முதல் ஆள், தாயாருக்கு உடம்பு சரியில்லை என்றார். இரண்டாவது ஆளுக்கு நம் ஊர்த் தண்ணீர் ஒத்துக்கொள்ளவில்லை. இவரோ எதுவும் சொல்லவில்லை. சாவிக்கொத்தைக் கவரில் போட்டு ஒட்டி, டைம் கீப்பரிடம் கொடுத்துவிட்டுப் பஸ் ஏறியிருக்கிறார். நம் பஸ்ஸிலேயே, டிக்கெட் வாங்கிக்கொண்டு!

உன் அத்தான் காலமானபோது நம்மிடம் நான்கு பஸ். இப்போது பதினொன்று. எனக்கு அறுபத்தாறு வயது. இருதயம் பலவீனமாக இருக்கிறது, ஷெட்டுக்கு நடக்கவே கூடாது என்கிறார் டாக்டர். நல்ல ஆள் அமையாவிட்டால் சர்வீஸை விற்றுவிட வேண்டியதுதான். விலைக்குக் கேட்டு வந்த காரைக்குடிக்காரர் வண்டிகளை நல்லதென்றார். ஆட்களில் பாதிப் பேர் வேண்டாம் என்றார். அதற்கு நான் சம்மதிக்க மாட்டேன்.

வெள்ளைக்காரக் கம்பெனியில் முப்பது வருஷம் ஆள் எடுத்தவன் நீ. ரிடையரான பிறகு அதையே தனித் தொழிலாக நடத்துகிறாய் என்று அமிர்தவல்லி எழுதியிருந்தாள். மாப்பிள்ளைத் தரகு தெரியும்; மேனேஜர்த் தரகு நான் கேள்விப்பட்டதில்லை. இருந்தாலும் எனக்கு ஒருவரைப் பார். நாணயம் வேண்டும். நேரம் தவறக் கூடாது. இங்கிலீஷில் பிழையில்லாமல் கடிதம் எழுத வேண்டும். மூக்குப்பொடி கூடவே கூடாது.

உன் அக்கா,
சொர்ணவல்லி


சென்னை
29-1-1958

அன்புள்ள அக்காவுக்கு,

வணக்கம். வராதது தப்புதான். அமிர்தவல்லிக்குக் கால் வீங்கிவிட்டது. எழுதினால் கவலைப்படுவீர்கள் என்று விட்டுவிட்டேன். வேட்டி போனதில் வருத்தமில்லை. நாகராசின் உயரத்துக்கு அது முழங்கால் வரைதான் வரும்.

தரகு என்றே வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் மாப்பிள்ளை பார்ப்பதைவிட இது கஷ்டம். வெள்ளைக்காரர்கள் ஒவ்வொருவராகக் கப்பல் ஏறுகிறார்கள். அவர்கள் விட்டுப்போகும் நாற்காலிகளுக்குத் தகுதியான ஆள் குறைவு. இருக்கிறவர்களும் கல்கத்தா, பம்பாய் என்றால்தான் காது கொடுக்கிறார்கள். ஆலங்குடி என்றதும் ஒருவர், "எந்த ஸ்டேஷன்ல இறங்கணும் சார்?" என்று கேட்டார். ரயில் கிடையாது என்றேன். காபியைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்துவிட்டார். முதலாளிகள் கதை வேறு. சொந்தத்தில்தான் ஆள் வேண்டும் என்பார்கள். வந்தவன் உறவு கொண்டாடினால் அதையும் புகாராக எழுதுவார்கள்.

புதிய ஆளைத் தேடும் முன் பழைய ஆட்களைப் போய்ப் பார்ப்பது என் வழக்கம். உங்களை விட்டுப் போன மூவரையும் நான் பார்க்கலாமா?

தம்பி,
ரெங்கராஜ்


ஆலங்குடி
3-2-1958

அன்புள்ள தம்பிக்கு,

தாராளமாகப் பார். என்னிடம் ஒளிப்பதற்கு ஒன்றுமில்லை. அமிர்தவல்லியை உப்பைக் குறைக்கச் சொல்.

அக்கா


சென்னை
22-2-1958

அன்புள்ள அக்காவுக்கு,

மூவரையும் பார்த்துவிட்டேன். ஒருவரும் உங்களை மரியாதைக் குறைவாகப் பேசவில்லை. முதல் இரண்டு பேரிடம் உண்மையை வாங்க எனக்கு அரை நாள் ஆயிற்று. குழந்தைசாமிதான் சிரித்துக்கொண்டே சொன்னார்:

"சார், காலையில பத்து மணிக்கு நான் ஒரு ஆர்டர் போடுவேன். மறுநா ஆறு மணிக்கு ஆத்தா வீட்டுக் கொல்லையில அது மாறிப்போயிருக்கும். டிரைவருக கையில காபித் தம்ளரோட வந்து, 'ஆத்தா சொல்லிட்டாக சார்'ம்பாக. அப்புறம் எனக்கு எதுக்கு அந்த நாற்காலி?"

மற்ற இருவர் சொன்னதும் இதுதான். டிரைவர், கண்டக்டர் யாருக்குக் குறை என்றாலும் விடியற்காலையில் உங்கள் கொல்லை வாசலுக்கு வரலாம் என்பது அத்தான் ஏற்படுத்திய வழக்கம். நீங்கள் அதை விடாமல் நடத்துகிறீர்கள். அது உங்கள் நல்ல மனசு. ஆனால் மேனேஜருக்கு மேல் இன்னொரு கச்சேரி தினமும் நடந்தால், எந்த மேனேஜரும் சாவியைக் கவரில் போட்டு ஒட்டத்தான் செய்வார். ஆளை மாற்றுவதால் இது தீராது, அக்கா.

என்னிடம் ஒருவர் இருக்கிறார். பெயர் மலையாண்டி. மணமேல்குடிக்காரர். வயது முப்பத்தெட்டு. பட்டாளத்தில் லாரிப் பிரிவில் இருந்துவிட்டு, கல்கத்தாவில் ஒரு கம்பெனியின் வண்டிகளைப் பார்த்துக்கொள்கிறார். தகப்பனாருக்கு வயதாகிவிட்டதால் ஊர்ப்பக்கம் வர நினைக்கிறார். ஆறு மாதம் கொல்லை வாசலை அடைத்து வைப்பதாக நீங்கள் எழுதிக் கொடுத்தால் அனுப்புகிறேன். இந்த நிபந்தனை அவர் போட்டதல்ல. நான் போட்டது.

தம்பி,
ரெங்கராஜ்


ஆலங்குடி
1-3-1958

ரெங்கராஜுக்கு,

உன் கடிதத்தை மூன்று முறை படித்தேன். என் வீட்டு வாசலை எப்போது திறப்பது, எப்போது மூடுவது என்று சொல்வதற்குத் தனிக் கட்டணம் உண்டா? இருந்தால் எழுது, மணியார்டர் செய்கிறேன்.

அந்தக் கொல்லையில் நின்றுதான் ஒருவன் தன் மனைவிக்குப் பிரசவம் என்று லீவு கேட்டான். மேனேஜர் முடியாது என்று சொல்லியிருந்தார். நான் கொடுத்தேன். அந்தக் குழந்தைக்கு இப்போது நாலு வயது. அது தவறா? கான்வென்ட்டில் எங்களுக்கு, குறை சொல்ல வந்தவரைக் காக்க வைக்காதே என்று சொல்லிக் கொடுத்தார்கள். உனக்கு வெள்ளைக்காரக் கம்பெனியில் வேறு மாதிரி சொல்லிக் கொடுத்திருப்பார்கள் போல.

இருந்தாலும் என் காலம் முடிந்த பிறகு இந்த ஆட்கள் தெருவில் நிற்கக் கூடாது. அதனால் கையெழுத்துப் போடுகிறேன். கொல்லை வாசலுக்குப் பூட்டுப் போட்டாகிவிட்டது. சாவி சமையல் செங்கமலத்திடம் இல்லை, என்னிடம் இருக்கிறது. மலையாண்டியை அனுப்பு.

சொர்ணவல்லி


ஆலங்குடி
3-8-1958

அன்புள்ள தம்பிக்கு,

நீ நல்ல ஆளைத்தான் கொடுத்திருக்கிறாய் என்று நானாக எழுத ஐந்து மாதம் ஆயிற்று. அதற்குமேல் புகழ எனக்கு வராது. புதுக்கோட்டை வண்டி இப்போது நிமிஷம் பிசகாமல் புறப்படுகிறது. ஜன்னலில் உட்கார்ந்து கடிகாரத்தைப் பார்க்கும் வேலை எனக்கு இல்லாமல் போய்விட்டது. அது ஒரு குறையாகக்கூட இருக்கிறது.

ஒரு விஷயம் மட்டும் எழுத வேண்டும். மலையாண்டி எல்லா டிரைவர்களுக்கும் கண் சோதனை வைத்தார். வெளிச்சம் மங்கும் நேரத்தில் ஷெட்டின் ஒரு கோடியில் நின்று விரலைக் காட்ட, மறுகோடியிலிருந்து எத்தனை என்று சொல்ல வேண்டும். பெரியகருப்பன் எதைக் காட்டினாலும் மூன்று என்றாராம். உடனே அவரை வண்டியிலிருந்து இறக்கி, ஷெட்டில் டயர்களைப் பார்த்துக்கொள்ளும் வேலையில் போட்டுவிட்டார். சம்பளத்தைக் குறைக்கவில்லை.

பெரியகருப்பன் நம் முதல் வண்டியை ஓட்டி வந்தவர். உன் அத்தானைக் கடைசியாகத் திருச்சி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனவரும் அவர்தான். போன வியாழக்கிழமை வந்தார். கொல்லைப் பக்கம் போகவில்லை. முன்வாசலில், செருப்பை வெளியே விட்டுவிட்டு நின்றார்.

"ஆத்தா, பள்ளிக்கூடத்துப் புள்ளைக்குக் காட்டுற மாதிரி வெரலைக் காட்டுறாரு. எல்லாப் பயலும் பார்த்துச் சிரிக்கிறான். இருபத்தி ரெண்டு வருசமா இந்த ரோட்டுல நான் வெரலை எண்ணிக்கிட்டா ஓட்டுனேன்? கண்ணைக் கட்டி விட்டாலும் ஓட்டுவேன் ஆத்தா."

அழுதுவிட்டார். அவர் அழுது நான் பார்த்ததில்லை. மலையாண்டியைக் கூப்பிட்டு, பழையபடி மணமேல்குடி லைனில் மாலை டிரிப்பை அவருக்கே கொடுக்கச் சொன்னேன். மலையாண்டி உட்காரவில்லை. "அம்மா, சாயங்காலத்துல அவருக்குக் கண்ணு சுத்தமாத் தெரியல. நான் சொல்றது கோவத்துல இல்ல. வேண்டாம்" என்றார். "இது என் உத்தரவு" என்றேன். "சரிங்கம்மா" என்று போய்விட்டார்.

கொல்லை வாசல் பூட்டியபடிதான் இருக்கிறது. பெரியகருப்பன் முன்வாசல் வழியாகத்தான் வந்தார். நான் வாக்குத் தவறவில்லை.

அக்கா,
சொர்ணவல்லி


சென்னை
7-8-1958

அன்புள்ள அக்காவுக்கு,

உங்கள் கடிதம் இப்போதுதான் வந்தது. வாசல் எது என்று நான் உங்களோடு வாதாடப் போவதில்லை. அந்த உத்தரவை இன்றைக்கே திரும்பப் பெறுங்கள். மலையாண்டியைக் கூப்பிட்டு, "நீங்கள் போட்டதே சரி" என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். பெரியகருப்பனிடம் நீங்களே பேசுங்கள். அவர் உங்கள் பேச்சைக் கேட்பார். வேறு யார் பேச்சையும் கேட்க மாட்டார்.

உடனே பதில் எழுதுங்கள்.

தம்பி,
ரெங்கராஜ்


ஆலங்குடி
4-9-1958

ரெங்கராஜுக்கு,

உன் கடிதத்துக்கு நான் பதில் எழுதவில்லை. நேரமில்லை என்று சொல்ல மாட்டேன். கோபம்.

ஆகஸ்ட் இருபத்தாறாம் தேதி, மாலை ஆறரைக்குக் கொஞ்சம் முன்னால், அறந்தாங்கி தாண்டி ஒரு வளைவில் நம் வண்டி கவிழ்ந்தது. எதிரே வைக்கோல் ஏற்றிய மாட்டு வண்டி. பெரியகருப்பன் அதைக் கடைசி நிமிஷத்தில்தான் பார்த்திருக்கிறார். ஒடித்துத் திருப்பியதில் பஸ் சாலையோர நிலக்கடலைக் கொல்லையில் சாய்ந்துவிட்டது. உயிர்ச்சேதம் இல்லை. ஒன்பது பேருக்குக் காயம். உண்ணாமலை என்று ஒரு பெண், கருவாடு விற்கிறவள். வலது காலை முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள்.

பெரியகருப்பனைப் போலீஸ் ஸ்டேஷனில் போய்ப் பார்த்தேன். "கண்ணு தெரியல ஆத்தா. ஒரு வருசமாவே தெரியல" என்றார்.

புது மேனேஜர் கிழவரென்றும் பாராமல் டிரைவர்களை விரட்டி வேலை வாங்கியதால்தான் இப்படி ஆயிற்று என்று ஊரில் பேசிக்கொள்கிறார்கள். கேஸில் பெரியகருப்பனோடு மேனேஜர் பெயரும் இருக்கிறது; யாருக்கு எந்த வண்டி என்று எழுதும் டிரிப் ஷீட்டில் கையெழுத்து மேனேஜருடையது. இன்ஸ்பெக்டர் கேட்டபோது மலையாண்டி, "நான்தான் வண்டி கொடுத்தேன்" என்று மட்டும் சொன்னார். நான் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன்.

நேற்று ராஜினாமா கொடுத்துவிட்டுப் போய்விட்டார். நான் தடுக்கவில்லை.

சொர்ணவல்லி


சென்னை
18-11-1958

அன்புள்ள அக்காவுக்கு,

உங்கள் இருதயத்துக்கு இப்போது எப்படி இருக்கிறது? இந்தக் கடிதத்தை எழுதலாமா என்று ஒரு வாரம் யோசித்தேன். எழுதத்தான் வேண்டும் என்கிறாள் அமிர்தவல்லி.

கோயம்புத்தூரில் ஒரு பெரிய மில், தன் வண்டிகளைப் பார்த்துக்கொள்ள ஆள் கேட்டது. மலையாண்டியின் பெயரைக் கொடுத்தேன். அவர்களுக்கு ரொம்பப் பிடித்துவிட்டது. கடைசியில் ஒரே கேள்வி கேட்டார்கள்: "ஆலங்குடியில் ஆறு மாதத்தில் ஏன் விலகினீர்கள்? அந்த விபத்தில் உங்கள் பொறுப்பு என்ன?" அவர், "டிரிப் ஷீட்டில் கையெழுத்துப் போட்டவன் நான்" என்றார். அதற்குமேல் ஒரு வார்த்தை இல்லை. நானும் அந்த அறையில்தான் இருந்தேன், அக்கா. நீங்கள் ஆகஸ்டில் எழுதிய கடிதம் என் வீட்டுப் பெட்டியில் இருக்கிறது. அதைச் சொன்னால் என் அக்காவைக் காட்டிக்கொடுத்தவன் ஆவேன். சொல்லாததால் நல்ல ஆளைக் கெட்ட பெயரோடு வெளியே அனுப்பினேன். முப்பது வருஷத்தில் இப்படி ஒரு நாள் எனக்கு வந்ததில்லை.

வெளியே வந்ததும், "ஏன் சொல்லல?" என்று கேட்டேன். "சொன்னா நம்பவா போறாங்க? முதலாளி மேல பழி போடுறான்னு நினைப்பாங்க. அதோட அவங்க வயசானவங்க சார்" என்றார்.

மில்காரர்கள் மாதக் கடைசி வரைக்கும் காத்திருக்கச் சம்மதித்திருக்கிறார்கள். நான் உங்களிடம் என்ன கேட்கிறேன் என்று உங்களுக்குத் தெரியும். நீங்கள் எழுதாவிட்டாலும் நான் உங்கள் தம்பிதான். ஆனால் உங்களுக்கு இனி நான் ஆள் பார்த்துத் தர மாட்டேன்.

ரெங்கராஜ்


ஆலங்குடி
25-11-1958

அன்புள்ள தம்பி ரெங்கராஜுக்கு,

இதோடு நான் எழுதிய ஒரு காகிதம் இருக்கிறது. முதலில் இங்கிலீஷில்தான் எழுத உட்கார்ந்தேன். இரண்டு பக்கம் எழுதிப் படித்துப் பார்த்தேன். அழகாக இருந்தது, ஆனால் யார் என்ன செய்தார்கள் என்று அதில் ஓர் இடத்திலும் இல்லை. கிழித்துப் போட்டுவிட்டுத் தமிழில் எழுதினேன்.

உனக்கு அனுப்பும் முன் இதை இன்ஸ்பெக்டரிடம் கொடுத்து வாக்குமூலமாக எழுதிக்கொள்ளச் சொன்னேன். "மூணு மாசமா ஏம்மா சொல்லலே?" என்றார். பயம் என்றேன். அந்த வார்த்தையைச் சொல்வது இவ்வளவு சிரமமாக இருக்கும் என்று தெரியாது.

பிறகு காரில் ஷெட்டுக்குப் போய், எல்லோரையும் நிற்க வைத்து இதையே படித்தேன். நாகராசு, "ஆத்தா, ஊரே மறந்துருச்சு, இப்ப எதுக்கு இதைக் கிளப்புறீங்க?" என்றான். மற்றவர்கள் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். யாரும் என் முகத்தைப் பார்க்கவில்லை. இத்தனை வருஷம் அவர்கள் எனக்குக் கொடுத்த மரியாதையில் எவ்வளவு மிச்சம் இருக்கிறது என்று எனக்குத் தெரியவில்லை.

உண்ணாமலையையும் பார்த்தேன். நான் சொன்னதையெல்லாம் கேட்டுவிட்டு, "போங்க" என்று மட்டும் சொன்னாள். வந்துவிட்டேன்.

மலையாண்டி திரும்பி வருவாரா என்று அவரிடம் கேட்காதே. நானும் கேட்கப் போவதில்லை. இந்தக் காகிதத்தை மில்காரர்களிடம் கொடு. வேறு யார் கேட்டாலும் காட்டு.

அக்கா,
சொர்ணவல்லி


(இணைப்பு)

சம்பந்தப்பட்டவர்களுக்கு,

திரு. மலையாண்டி 1958 மார்ச் முதல் செப்டம்பர் வரை எங்கள் மோட்டார் சர்வீஸில் மேனேஜராக இருந்தார். டிரைவர் ஒருவருக்கு மாலை நேரத்தில் கண் தெரியவில்லை என்று கண்டுபிடித்து, அவரை வண்டியிலிருந்து இறக்கினார். நான் அந்த உத்தரவை மாற்றினேன். வேண்டாம் என்று அவர் நேரில் சொன்னார். நான் கேட்கவில்லை. இருபத்தாறு நாள் கழித்து அந்த வண்டி கவிழ்ந்து ஒரு பெண் கால் இழந்தாள்.

பழி அவர்மேல் விழுந்தபோது அவர் என் பெயரைச் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை. அவர் சொல்லாதது பெருந்தன்மை. நான் சொல்லாதது கோழைத்தனம்.

இவரை வேலைக்கு எடுப்பவர்கள் இவர் 'வேண்டாம்' என்று சொன்னால் நிறுத்திவிட வேண்டும்.

சொர்ணவல்லி சிவசாமி
சொந்தக்காரர்