கஞ்சி ஆறட்டும் அக்கா

இன்று காலை சோறு வடித்தபோது கஞ்சியின் ஆவி முகத்தில் அடித்தது. அவ்வளவுதான், உன் குரல் காதில் கேட்டுவிட்டது. "கஞ்சி ஆறட்டும் அக்கா, அவசரப்படாதீங்க." நீ கண்ணை மூடி இத்தனை வருஷம் ஆகியும் என்னை அதட்டுகிறாய் பார், உன்னைச் சொல்லணும்!

என் கொழுந்தனாருக்கு வாழ்க்கைப்பட்டு இந்த வீட்டுக்கு வந்தவள் நீ. ஓரகத்திகள் என்றால் அடுப்படியில் முறைத்துக்கொண்டு நிற்பார்கள் என்று ஊர் நினைக்கும். நமக்கு முறைத்துக்கொள்ள நேரம் எங்கே இருந்தது? எண்பதுகளின் தொடக்கம் அது. மழை அடுத்தடுத்து ஏமாற்றியிருந்தது. மலைக்குப் பின்பக்கம் இருந்த நம் மானாவாரிக் கொல்லையில் மல்லாட்டை போட்டதில், மறு விதைப்புக்குக்கூடக் கடலை தேறவில்லை. "இந்த வருஷமும் கைவிட்டா நான் பெங்களூருக்குக் கட்டட வேலைக்குப் போறேன்" என்று உன் வீட்டுக்காரர் சொல்லிவிட்டார். அப்படிப் போனவர்கள் வருஷா வருஷம் மலைமேல் ஏற்றுகிற கார்த்திகை தீபத்துக்கு வந்து முகம் காட்டுவதோடு சரி. நீயோ முழுகாமல் இருந்தாய். அழுவாய் என்று பார்த்தேன். நீ ரேடியோவில் விவசாய நிகழ்ச்சி கேட்டுக்கொண்டிருந்தாய்.

அதைக் கேட்டுத்தான் கீழ்பென்னாத்தூருக்கு பஸ் ஏறிப் போய், விவசாய ஆபீஸில் ஒரு பொட்டலம் வாங்கி வந்தாய். பிரித்தால் உள்ளே கறுப்பாகத் தூள்.

"என்னடி இது, அடுப்புக்கரியா? இதுக்கா பஸ்ஸுல போன?"

"இதுல கண்ணுக்குத் தெரியாத நுண்ணுயிர் இருக்குக்கா. விதையில ஒட்டிவிட்டா, வேர்ல முடிச்சு முடிச்சா உக்காந்துக்கும். காத்துல இருக்கிற தழைச்சத்தைப் பிடிச்சு செடிக்குக் குடுக்கும்."

காற்றிலிருந்து உரமா! சிரித்துச் சிரித்து எனக்கு வயிறு வலித்தது. ஆனாலும் விதையில் தூள் ஒட்டுவதற்குக் கஞ்சி கேட்டாயே என்று கொண்டுவந்தேன். ஆவி பறக்கத் தூளில் ஊற்றப் போனேன். சட்டென்று என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாய்.

"உள்ள உயிர் இருக்குக்கா. சுடச்சுட ஊத்தினா செத்துடும்."

மூத்தவளான என் கையையே பிடிக்கிறாளே என்று எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. ஆனால் உன் கண்ணைப் பார்த்ததும் கஞ்சியைக் கீழே வைத்துவிட்டேன். பச்சைப் பிள்ளையைக் குளிப்பாட்டத் தண்ணீரின் சூடு பார்ப்பதுபோல, நீ கஞ்சியில் விரலை விட்டு விட்டுப் பார்த்தாய். ஆறிய பிறகு தூளைக் கரைத்து, விதையைப் புரட்டி, நிழலில் உலர்த்தி, அன்றைக்கே விதைத்தோம்.

முளைப்பு நன்றாகத்தான் இருந்தது. பூப்பிடிக்கிற நேரம் பார்த்து மழை நின்றுபோனது. மத்தியான வெயிலில் இலைகள் ஒன்றோடொன்று ஒட்டி மூடிக்கொண்டன. கொழுந்தனார் ஒரு செடியைப் பிடுங்கினார். வேர் முழுக்க முடிச்சு.

"நோவு விழுந்துடுச்சு. எல்லாம் உன் கரித்தூள் பண்ண வேலை. நாளைக்கே ஏரை ஓட்டி அழிச்சுட்டு பஸ் ஏறுறேன்."

நீ அந்தச் செடியை அவர் கையிலிருந்து வாங்கினாய். ஒரு முடிச்சை நகத்தால் கிள்ளிப் பிளந்து காட்டினாய். உள்ளே ரத்தச் சிவப்பு.

"சிவப்பா இருந்தா உள்ள வேலை நடக்குதுனு அர்த்தம். இலை வாடலீங்க, இருக்கிற ஈரத்தை மிச்சம் பிடிக்கத்தான் மூடிக்குது. வெயில் தாழ்ந்ததும் பாருங்க, விரிச்சுக்கும்."

"மழை வரலனா?"

"வரலனா நானே உங்களுக்கு மூட்டை கட்டித் தரேன்."

அடேயப்பா, என்ன நெஞ்சழுத்தம் உனக்கு! வெயில் தாழும்வரை அவரை வரப்பிலேயே நிறுத்தி வைத்தாய். இலை விரிந்தது. அவர் ஏர் கட்டவில்லை. ஆனால் அதற்குப் பிறகு உனக்குச் சோறு இறங்கவில்லை என்று எனக்குத் தெரியும். உன் தட்டை எடுத்துக் கழுவியவள் நான்தானே.

ஒருநாள் மலை உச்சியே தெரியாமல் மேகம் இறங்கியது. கொட்டித் தீர்த்தது. ஐப்பசியில் செடியைப் பிடுங்கினால் கொத்துக் கொத்தாகக் காய். சுற்றிலும் மஞ்சளடித்துக் கிடந்த கொல்லைகளுக்கு நடுவில் நம்முடையது மட்டும் பச்சை. பக்கத்துக் கொல்லைக்காரர்கள் வந்து பொட்டலத்தைப் பற்றி உன்னிடம் விசாரித்தபோது எனக்குப் பெருமை பிடிபடவில்லை. என்னமோ நானே கண்டுபிடித்ததுபோல், "கஞ்சி ஆறணும், ஜாக்கிரதை" என்று குறுக்கே புகுந்து சொன்னேன். நீ முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாய்.

அந்தத் தீபத்துக்கு உன் வீட்டுக்காரர் பெங்களூரிலிருந்து விருந்தாளியாக வரவில்லை, ஊரிலேயே இருந்தார். வீட்டு வாசலில் நின்று, கைக்குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு மலைமேல் எரிந்த தீபத்தைக் காட்டினார். எப்போது நினைத்தாலும் சொல்வேன், அது நீ ஏற்றிய விளக்கடி.

இது ஆடி மாதம். பொட்டலம் வந்துவிட்டது. இப்போதெல்லாம் விதையில் என்னைக் கைவைக்க விடுவதில்லை உன் வீட்டுக்காரர். தலை முழுக்க நரைத்துவிட்டது அவருக்கு. காலையில் கஞ்சியைக் கொண்டுபோய், "ஆறியிருக்கும் தம்பி, கலக்குங்க" என்றேன். அவர் விரலை விட்டுப் பார்த்தார். தலையை ஆட்டிவிட்டு, விதைமேல் வெயில் படாமல் குடையைச் சாய்த்துப் பிடித்துக்கொண்டார்.

"இன்னும் கொஞ்ச நேரம் ஆகட்டும் அண்ணி. உள்ள உயிர் இருக்கு."

அவர் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டேன். கஞ்சி ஆறும்வரை இருவரும் காத்திருந்தோம்.