திங்கட்கிழமைக் கையெழுத்து

அன்புள்ள மகளுக்கு,

அப்பா எழுதுவது. இங்கே நானும் உன் அம்மாவும் நேரத்துக்குச் சாப்பிட்டு, நேரத்துக்கு மாத்திரை போட்டு, மீதி நேரத்தில் ஒருவரையொருவர் குறை சொல்லிக்கொண்டு சுகமாக இருக்கிறோம், நீயும் மாப்பிள்ளையும் அதேபோல் இருப்பீர்கள் என்று நம்புகிறேன். புதன்கிழமை விசாரணைக்குப் போன இடத்தில் உன் அப்பன் மானம் போன கதையை முதலில் சொல்லிவிடுகிறேன், எப்படியும் அம்மா சொல்லிச் சிரிக்கத்தான் போகிறாள். கிளம்புகிற அவசரத்தில் என் கண்ணாடி என்று நினைத்து அவள் கண்ணாடியைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு போய்விட்டேன், ஊதா நிறம், ஓரத்தில் பூ வேறு. கம்பெனி வக்கீல் ஒரு சீட்டை நீட்டி இது உங்கள் கையெழுத்தா என்று கேட்டார். நானும் அதை மாட்டிக்கொண்டு சீட்டை எட்டப் பிடித்து, கிட்டப் பிடித்து, சந்தேகமே இல்லை சார் என் கையெழுத்துத்தான் என்றேன். பெரியவரே, சீட்டைத் தலைகீழாகப் பிடிச்சிருக்கீங்க என்றார். அறையே சிரித்தது. உன் மாமாகூடச் சிரித்துவிட்டான், பாவம், அவன் சிரித்து இருபது நாளாகிறது.

நடந்ததை அம்மா போனில் சொல்லியிருப்பாள், ஆனால் பாதிக்கு மேல் அழுகையாக இருந்திருக்கும், அதனால் ஒழுங்காக எழுதுகிறேன். எங்கள் குடோனிலிருந்து பிரிட்ஜ் ஏற்றிக்கொண்டு போன உன் மாமா, ஒரு சரிவான தெருவில் லாரியை நிறுத்திவிட்டு, பெட்டியை இறக்கி மாடிக்குக் கொண்டுபோயிருக்கிறான். அவன் திரும்பி வருவதற்குள் வண்டி தானாகப் பின்னால் உருண்டு கீழே இருந்த சலூனில் போய் மோதிவிட்டது. வாசலில் நாற்காலி போட்டுப் பேப்பர் படித்துக்கொண்டிருந்த சலூன்காரருக்குக் கால் இரண்டு இடத்தில் முறிந்துவிட்டது. நாளெல்லாம் நின்று பிழைக்கிற மனுஷன். ஆஸ்பத்திரியில் போய்ப் பார்த்தேன். அண்ணே, வண்டி யாரோடதுன்னு கேட்டா ஆளாளுக்கு அடுத்தவனக் கைகாட்டுறாங்க, அப்ப என்னை இடிச்சது பேயா என்று கேட்டார். ஒரு சீப்பு வாழைப்பழத்தைத் தலைமாட்டில் வைத்துவிட்டு வந்துவிட்டேன்.

அவர் சொன்னது உண்மைதான் என்று விசாரணையில் தெரிந்தது. எங்கள் மானேஜர், லாரியில் எழுதியிருப்பது எங்கள் பெயர், லாரி எங்களுடையது அல்ல என்றார். லாரி காண்டிராக்டர், வண்டி என்னோடதுதான், ஆனா டிரைவர் என் ஆளு இல்ல, அவரு தனியா டிரிப்புக்கு ஓட்டுறவரு என்றார், எட்டு வருஷமாக இவர் வண்டியைத் தவிர வேறு வண்டியைத் தொடாத மனுஷனைப் பற்றி. மெக்கானிக், ஹேண்ட் பிரேக் தேய்ஞ்சிருக்குன்னு பில்லுலயே எழுதிக் குடுத்தேன் என்றான். காண்டிராக்டர் பில்லில் தொகையை மட்டும்தான் படிப்பாராம். பழி ஓரிடம் பாவம் ஓரிடம் என்பார்கள், இங்கே பழி உட்காரவே இடமில்லாமல் சுற்றிச் சுற்றி வந்து கடைசியில் கேட்டில் இருக்கிற என் மேசையில் வந்து உட்கார்ந்தது. அந்த மேசையை நீ பார்த்திருக்கிறாய், ஒரு கால் குட்டை, கட்டை அண்டக் கொடுத்துத்தான் நிற்கும், என்னை மாதிரி.

வெளியே போகிற ஒவ்வொரு வண்டியையும் கேட் கிளார்க் பார்த்து, பிரேக்கை இழுத்துப் பார்த்து, சீட்டில் கையெழுத்துப் போட வேண்டும். உன் அப்பா பெரிய புத்திசாலி அல்லவா, திங்கட்கிழமை காலையிலேயே வாரம் முழுவதுக்கும் சேர்த்துக் கையெழுத்துப் போட்டுக் கட்டி வைத்துவிடுவேன், டிரைவர்கள் ஆளுக்கொன்று உருவிக்கொண்டு போவார்கள். பெரியவர் கேட்டில் மட்டும் வரிசையே நிற்பதில்லை என்று பாராட்டிய அதே மானேஜர், அப்படியா, இது எனக்குத் தெரியாதே என்றார், கழுவுற மீனில் நழுவுற மீன். வண்டியைப் பார்க்காமல் போட்ட கையெழுத்து என்று நான் ஒப்புக்கொண்டேன். பார்க்காமல் விட்டது அசட்டை, அது ஒரு மெமோவோடு போகும், கோளாறு தெரிந்தே விட்டிருந்தால்தான் கதை வேறு என்று விசாரணை அதிகாரி சொன்னார். பிறகு உன் மாமாவிடம், பிரேக் பிடிக்கவில்லை என்று உனக்குத் தெரியுமா என்று கேட்டார். ரெண்டு நாளா தெரியும் சார் என்றான். யாரிடம் சொன்னாய் என்றார். தரையைப் பார்த்துக்கொண்டே, யார்கிட்டயும் சொல்லல சார் என்றான். வக்கீல் அதை எவ்வளவு ஆசையாக எழுதிக்கொண்டார் தெரியுமா. அத்தனை பேரும் விரல் நீட்டின அறையில் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தவன் அவன் ஒருத்தன்தான், மடப்பயல்.

வருகிற திங்கட்கிழமை கடைசி வாக்குமூலம். அவன் தலையில் எழுதிவிட்டால் லைசென்ஸ் போகும், வழக்கும் வரும். எனக்கு ஓய்வுக்கு ஏழு மாதம் இருக்கிறது. அம்மா என்னோடு சரியாகப் பேசுவதில்லை. தினம் அந்த கேட்டுலதான உக்காந்திருக்கீங்க, என் தம்பிக்காக ஒரு வார்த்தை சொல்ல வாயில்லையா என்கிறாள். சட்டம்னா சட்டம்தான் என்று பெரிய நீதிபதி மாதிரி சொன்னேன், தட்டை வைத்த சத்தத்தில் பக்கத்து வீட்டு நாய் குரைத்தது.

நீ ஆபீசில் எந்தக் காகிதத்திலும் படிக்காமல் கையெழுத்துப் போடாதே, நாளைய கையெழுத்தை இன்றைக்கே போடவே போடாதே. காரை மேட்டில் நிறுத்தினால் கியரில் போட்டுவிட்டு இறங்கு. நீங்கள் இருவரும் நோய்நொடி இல்லாமல், நிம்மதியாகத் தூங்கி எழுந்து நன்றாக இருக்க வேண்டும். இதற்குப் பதிலைக் கடிதமாகவே போடு, போன் வந்தால் அம்மா ஸ்பீக்கரில் போட்டுவிடுகிறாள்.

இப்படிக்கு,
பூப்போட்ட கண்ணாடிக்காரன்,
உன் அப்பா.

பி.கு.: திங்கட்கிழமை அங்கே சொல்ல வேண்டியதை உனக்கு முதலில் எழுதிவிடுகிறேன், எழுதிவிட்டால் பின்வாங்க முடியாது. விபத்து நடந்த அன்று காலை உன் மாமா கேட்டில் வண்டியை நிறுத்தி இறங்கி வந்து, அத்தான், ஹேண்ட் பிரேக் நிக்கவே மாட்டேங்குது, உங்க மேசைக்கு அடியில இருக்குற கட்டையக் குடுங்க, சக்கரத்துக்கு வெச்சுக்குறேன் என்று கேட்டான். மேசை ஆடுனா டீ சிந்தும்டா, நாளைக்கு வேற பாத்துத் தரேன், கெளம்பு என்றேன்.